ஒன்பது யூனிட் வீடு

"எனக்கு ஒரு பேர் வேணும். ஒரே ஒரு பேர்" என்றாள் தொபேகா. "அன்னிக்கு என் தம்பியை வீட்டை விட்டுக் கிளப்பினது யாரு? அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

சொல்லிக்கொண்டே பள்ளிச் சீருடைப் பாவாடை ஒன்றுக்கு மடிப்பு தைத்துக்கொண்டிருந்தாள். பழைய கால்மிதி மெஷின். அதன் மிதியில் ஒரு போல்ட் தளர்ந்திருந்ததால் நாலு மிதிக்கு ஒருமுறை 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டியது.

மாகோஸா அம்மாவின் கண் சுவர்ப்பக்கம் இருந்தது. அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டார், மின் மீட்டரைத்தான் பார்ப்பார். டர்பன் நகராட்சியில் இருபத்து மூன்று வருடம் மீட்டர் பரிசோதகராக இருந்தவர். திருட்டுக் கம்பி இழுத்தவர்களைப் பிடித்துப் பிடித்தே துப்பறியும் தொழிலுக்கு வந்து சேர்ந்தவர். நான் லிண்டானி. அவருக்கு உதவியாள், டிரைவர். சனிக்கிழமைகளில் கல்யாண வீட்டு டி.ஜே. மூன்று வேலை, ஒரே வயிறு.

"பதினாறு" என்றார் அம்மா.

"என்னது?" என்றாள் தொபேகா.

"மீட்டர்ல அந்தச் சிவப்பு விளக்கு பதினாறு எண்ணறதுக்குள்ள ஒரு தடவை மினுக்குது. லைட் எரியலை, அடுப்பு எரியலை. ஃபிரிட்ஜுக்கு மட்டும் இவ்வளவு ஆகாது. இன்னொண்ணு ஏதோ நிக்காம ஓடுது இந்த வீட்டுல."

தொபேகாவின் கால் மிதியில் நின்றது. "என் தம்பி லுவாண்டியோட கம்ப்யூட்டர். அது எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

"அஞ்சு மாசமாவா?"

"அணைச்சா அவனுக்குப் பிடிக்காது."

லுவாண்டி என்கிற லுவாண்டிலே இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயது. ஏப்ரல் பத்து, வியாழக்கிழமை மாலை, எங்கள் குவாமாஷு பகுதியிலிருந்து டவுனுக்குப் போன ஷேர் டாக்ஸி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய்ச் சுவரில் மோதியது. செத்தவர்கள் மூன்று பேர். அவன் போன் நொறுங்கிப்போனது. எங்கே போகிறேன் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அம்மா இல்லாத வீட்டில், பத்து வயதிலிருந்து அவனை வளர்த்தவள் பன்னிரண்டு வயது மூத்தவளான இந்த அக்காதான்.

அதோடு முடிந்திருந்தால் எங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டாள். போன வாரம் டாக்ஸியில் போகும்போது ஒரு பாட்டு ஓடியிருக்கிறது. வார்த்தையே இல்லாத பாட்டு, அடி மட்டும். டாக்ஸிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் உறைந்துபோயிருக்கிறாள். அடிக்கு நடுவே கேட்டது இவளுடைய தையல் மெஷின். நாலு மிதிக்கு ஒரு 'டக்'.

"ஊர்ல ஆயிரம் தையல் மெஷின் இருக்கு. ஆனா அந்த டக்கு இருக்கே, அது என்னோடது" என்றாள். "யார் குடுத்தாங்கன்னு டிரைவரைக் கேட்டேன். சென்சோன்னு சொன்னான். லுவாண்டியோட பழைய கூட்டாளி. ஒரு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சில்லை. அவன்தான் ஏதோ ஆசை காட்டிக் கூப்பிட்டிருக்கான். பாட்டையும் எடுத்துக்கிட்டான். என் தம்பி போயிட்டான்."

எங்கள் ஊரில் புதுப் பாட்டு முதலில் ரேடியோவுக்குப் போகாது. செய்தவன் அதை ஒரு டாக்ஸி டிரைவரிடம் கொடுப்பான். பயணிகள் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தால் பாட்டு ஜெயித்தது. இந்தப் பாட்டு ஜெயித்துவிட்டது. பெயர்கூட இல்லாததால் 'தையக்காரி பாட்டு' என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் போனிலும் இருந்தது. கத்தரித்ததுபோல் பாதி அடியில் நின்றுபோகும் பாட்டு.

நான் லுவாண்டியின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மேஜை, நாற்காலி, நாற்காலிமேல் மடித்த ஒரு போர்வை. கம்ப்யூட்டரின் விசிறி உர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த சாஃப்ட்வேரைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளின் பட்டியல் வந்தது. ஒன்றைச் சொடுக்கினேன். திறக்கவில்லை. இன்னொன்றையும் சொடுக்கிப் பார்த்தேன், அதுவும் திறக்கவில்லை.

வெளியே வந்தபோது மாகோஸா அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அங்கே சவ அடக்கச் சங்கத்துக் காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலில் ஒரு எண்.

"முன்பணம் கட்டற மீட்டர். தினமும் காலைல ஆறு மணிக்கு அதுல மிச்சம் எவ்வளவு யூனிட் இருக்குன்னு எழுதி வெப்பேன்" என்றாள் தொபேகா. "திடீர்னு தீர்ந்து இருட்டாயிடக் கூடாதில்ல?"

அம்மா தாள்களைப் பின்னுக்குப் புரட்டினார். மார்ச் வரை போய், ஏப்ரலுக்குத் திரும்பி வந்து நின்றார். போனில் ஒரு படம் எடுத்தார்.

காரில் ஏறியதும் கேட்டார். "அந்த ரூமுல என்ன பார்த்தே?"

"பூட்டு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பாட்டு போடுவதைவிட, பாட்டு எப்படி உண்டாகிறது என்று விளக்குவதில் எனக்கு ஆசை அதிகம். அதனால்தான் கல்யாண வீடுகளில் என்னை இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை.

"பாட்டு செய்யற சாஃப்ட்வேர்ல ரெண்டு குடும்பம்மா. ஒண்ணு பழைய டேப் ரெக்கார்டரோட வாரிசு, நாடாக் குடும்பம். துணிச் சுருள் மாதிரி. இடமிருந்து வலமா விரிச்சுக்கிட்டே போகும், நீங்க பாடப் பாட அது மேல விழும். சர்ச் பாட்டு, கிட்டாரு, மனுஷக் குரல் எல்லாத்துக்கும் அதுதான் சுகம். இன்னொண்ணு டிரம் மெஷினோட வாரிசு. பாட வேண்டாம், வாசிக்க வேண்டாம். திரையில வரிசையா பதினாறு பெட்டி இருக்கும். எந்தப் பெட்டியை அமுக்கறீங்களோ அங்க அடி விழும். அமுக்காத பெட்டியில மௌனம்." காரின் கண்ணாடியில் தொங்கிய மணிப்பட்டையைத் தொட்டுக் காட்டினேன். "இதைக் கோத்தவங்க செஞ்சதும் அதேதான். சிவப்பு, வெள்ளை, வெள்ளை, சிவப்பு. ஒரு வரி கோத்துட்டா அதையே திருப்பித் திருப்பி."

"லுவாண்டி மணி கோக்கற குடும்பம்."

"ஆமா. குவாமாஷுல முக்காவாசிப் பேர் அந்தக் குடும்பம்தான். ஆனா அவன் வெச்சிருக்கறது காசு கட்டாத டிரையல். திருட்டுப் பிரதி ஒண்ணு வெச்சிருந்தானாம், அதோட வந்த வைரஸ் நாப்பது பாட்டைத் தின்னுடுச்சு, அதுக்கப்புறம் தொடலைன்னு பசங்க சொல்லுவாங்க. டிரையல்ல எல்லாமே பண்ணலாம்மா. சேவ்கூட பண்ணலாம். ஒண்ணே ஒண்ணு முடியாது. சேவ் பண்ணின பாட்டை மறுபடி திறக்க முடியாது. லைசென்ஸ் வந்தாத்தான் திறக்கும்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப வேலையை எப்படி முடிப்பான்?"

"மூடாம முடிப்பான். ஒரே உட்காரல். பாட்டு முடியற வரைக்கும் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது. ஒரு நாளோ ஒரு வாரமோ, அணைச்சா அதோட பூட்டு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் பாட்டு முடியலைன்னு கம்ப்யூட்டரை ஓடவிட்டபடியே வேனுல ஏத்தி வீடு மாத்தினான். பின்னாடியே ஜெனரேட்டர். ஊரே சாமி ஊர்வலம்னு நினைச்சு வழி விட்டுச்சு."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப அணைக்காம வெச்சிருந்தது சோம்பேறித்தனம் இல்லை" என்றார் மெதுவாக. "சரி, இந்தத் தையக்காரி பாட்டு எந்தக் குடும்பம்?"

"சந்தேகமே இல்லை, மணி. அந்த டக்கு ஒவ்வொரு தடவையும் மயிரிழை பிசகாம அதே பெட்டியில விழுது. கால் மிதிச்சா அப்படி விழாது. ஒரே ஒரு மிதியைப் பிடிச்சு வெச்சு அதையே கோத்திருக்கான்." கியரை மாற்றினேன். "இதுல இன்னொரு வேடிக்கை இருக்கும்மா. சென்சோ நாடாக் குடும்பம். டவுன் ஸ்டுடியோவுல வேலை கிடைச்சதும் பெட்டியை விட்டுட்டான். 'பெட்டியில செய்யறது விளையாட்டு, நாடாவுல செய்யறதுதான் பாட்டு'ன்னு லுவாண்டி மூஞ்சிக்கு நேரா சொன்னானாம். 'அப்ப அந்த நாடாவுலயே தொங்குடா'ன்னு லுவாண்டி சொல்லியிருக்கான். அதோட பேச்சு நின்னது. ஒரு பொண்ணுக்காக அடிச்சுக்கிட்டவங்களை நான் பார்த்திருக்கேன். ரெண்டு சாஃப்ட்வேருக்காக இவங்களைத்தான் பார்க்கறேன்."

உம்பிலோ ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது ஸ்டுடியோ. சென்சோ கதவைத் திறந்தபோது அவன் கையில் பாதி தின்ற 'பன்னி சௌ', உள்ளே குடைந்து குழம்பு ஊற்றிய ரொட்டி. ரொட்டிக் குடுவையிலிருந்து பீன்ஸ் குழம்பு விரலில் வழிந்துகொண்டிருந்தது. ஒல்லியான பையன். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"தொபேகா அக்கா அனுப்பினாங்களா?" என்றான், நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே.

"எப்படித் தெரியும்?" என்றார் அம்மா.

"அஞ்சு மாசமா எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன். போலீஸ் வரும்னு நினைச்சேன். நீங்க போலீஸ் மாதிரி இல்லை."

"போலீஸ்னா இவ்வளவு நேரத்துல அந்த மிச்ச ரொட்டியும் காலியாயிருக்கும்" என்றேன்.

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"தையக்காரி பாட்டு யாரோடது?" அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"லுவாண்டியோடது."

நான் அசந்துபோனேன். மறுப்பான், குதிப்பான், வக்கீல் என்பான் என்று வழியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அப்ப அவன் பேரைப் போடாம ஏன் டாக்ஸிக்குக் குடுத்தே?"

"என் பேரையும்தான் போடலையே."

"அது எனக்குப் பதில் இல்லை."

சென்சோ ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தான். விரலைத் துடைத்தான். துடைத்த விரலையே மறுபடி துடைத்தான்.

"உன் மெஷின்ல எந்த சாஃப்ட்வேர் இருக்கு?" என்றேன் நான்.

"நாடாதான். இங்க சர்ச் கொயர்தான் ரெக்கார்ட் பண்றோம்."

"அப்ப அந்த மூலையில இருக்கற ஐகான் என்ன? உனக்குத்தான் பெட்டி விளையாட்டுச் சாமானாச்சே."

அவன் முகம் மாறியது. மாகோஸா அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "லைசென்ஸ் வாங்கினா மெயில் வரும். எனக்குத் தேதி போட்ட காகிதம்னா பிடிக்கும். காட்டு."

காட்டினான். ஏப்ரல் பத்து. மாலை மூன்று ஐம்பத்திரண்டு.

டாக்ஸி மோதியது ஐந்து மணிக்கு.

ஒரு வருடம் பெட்டியைக் கேலி செய்தவன், கூட்டாளி சாவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அதே பெட்டிக்கு லைசென்ஸ் வாங்குகிறான். எதற்கு? பூட்டிய பாட்டு ஒன்றைத் திறக்க. அப்படியென்றால் மூன்று ஐம்பத்திரண்டுக்கே பாட்டு இவன் கையில் இருந்திருக்கிறது.

"பிடிச்சுட்டோம்" என்று அம்மாவின் காதில் கிசுகிசுத்தேன்.

"வாயை மூடு, லிண்டானி" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "தம்பி, அந்தப் பாட்டைத் திற."

சென்சோ திறந்தான். திரை முழுக்க வரிசை வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு வரிசையின் முன்னாலும் ஒரு குட்டிப் பச்சை விளக்கு. லுவாண்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தான். 'மிதி'. 'டக்கு'. 'கத்தரி'. 'பாபின்'. மொத்தம் பதினான்கு வரிசை. பதின்மூன்றில் பச்சை எரிந்தது.

"கடைசியில ஒண்ணு மட்டும் அணைஞ்சிருக்கே" என்றார் அம்மா. விளக்கு விஷயத்தில் அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"அதுவும் பாட்டுல ஒரு பகுதிதான்மா. விளக்கை அணைச்சா அது மட்டும் கேட்காது" என்றேன். அந்த வரிசையின் பெயரைப் படித்தேன். 'தொபேகா'.

"அதை ஏன் அணைச்சே?"

சென்சோ மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"இந்த ஃபைல் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"அவனே அனுப்பினான்."

"ஒரு வருஷமாப் பேசாதவனுக்கு ஏன் அனுப்பினான்?"

"அதை மட்டும் கேட்காதீங்கம்மா. திருடினேன்னே வெச்சுக்கோங்க. அக்காகிட்ட அப்படியே சொல்லிடுங்க."

மாகோஸா அம்மா தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். காலண்டரின் ஏப்ரல் பக்கம். பென்சில் எண்கள்.

"நான் படிச்ச ஒரே புஸ்தகம் மீட்டர்தான்" என்றார். "இதைப் பாரு. ஏழாம் தேதி காலைல அறுபத்தொண்ணு. எட்டு, அம்பத்திரண்டு. ஒன்பது, நாப்பத்திமூணு. பத்து, முப்பத்திநாலு. தினம் ஒன்பது யூனிட் குறையுது. மார்ச் முப்பதிலிருந்தே இப்படித்தான். இப்ப பதினொண்ணாம் தேதி காலையைப் பாரு. இருபத்தெட்டு. ஒன்பது குறையலை, ஆறுதான் குறைஞ்சிருக்கு. மூணு யூனிட் எங்க போச்சு? ஒரு கம்ப்யூட்டரும் திரையும் ஒரு நாள் முழுக்க ஓடினா மூணு யூனிட்."

எனக்கு இப்போதுதான் ஏதோ உறைத்தது. கிசுகிசுத்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வியாழக்கிழமை காலையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஓடலை" என்றார் அம்மா. "அந்த வாரம் மின்வெட்டு இல்லை. லுவாண்டி அப்ப உயிரோடதான் இருந்தான். ஆனா அவன் அணைச்சிருக்க மாட்டான். பதினோரு நாளா ஒரே உட்காரல்ல இருந்தவன். அந்த வீட்டுல இருந்தது ரெண்டே பேர்."

சென்சோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அக்காவுக்குத் தெரியாதும்மா" என்றான் கையை எடுக்காமலே. "அவங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு சொன்னான்."

போனை எடுத்து ஒரு குரல் பதிவை ஓட்டினான். அன்று மதியம் இரண்டு மணி நாற்பதுக்கு வந்தது. மெலிந்த, அவசரமான குரல்.

"சென்சோ, லுவாண்டி பேசறேன். தெரியும், ஒரு வருஷமாச்சு. திட்டறதை அப்புறமா வெச்சுக்கோ. கம்ப்யூட்டரை அஞ்சு நிமிஷம் மட்டும் போட்டு ஒரு ஃபைல் அனுப்பியிருக்கேன். பதினோரு நாள் வேலைடா. காலைல அக்கா கம்ப்யூட்டரை அணைச்சுட்டா. நான் மேஜையிலேயே தூங்கிட்டேன், கண்ணுல வெளிச்சம் அடிக்குதேன்னு... போர்வை வேற போத்தி விட்டிருக்கா. என்னத்தைச் சொல்லுவேன்? போய் டீ போட்டுக் குடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, தெரியவும் வேண்டாம். சொல்லிடாதே. தூங்கறதுக்கு முன்னாடி வரைக்கும் எல்லாம் சேவ் ஆகித்தான் இருக்கு. உன்கிட்ட திறக்குதான்னு பாரேன். முடிவு மட்டும்தான் பாக்கி. கடைசியில அக்காவுக்கு ஒரு விஷயம் வெச்சிருக்கேன்."

பதிவு நின்றது.

"மூணரைக்குத்தான் கேட்டேன்" என்றான் சென்சோ. "என்கிட்டயும் லைசென்ஸ் இல்லை. அவனோட சண்டை போட்டுட்டு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பெட்டியை வாங்கறது? அன்னிக்கு வாங்கினேன். திறந்துச்சு. 'வா'ன்னு அனுப்பினேன். ஒரே ஒரு வார்த்தை. அதைப் படிச்சுட்டுத்தான் அவன் டாக்ஸி ஏறினான்." மூக்கை உறிஞ்சினான். "முடிவு அவன் தலைக்குள்ள இருந்துச்சு. எனக்குப் போடத் தெரியலை. அதான் அப்படியே அந்தரத்துல நிக்குது. அவன் கடைசியாப் போன ரூட்டுலயாவது ஓடட்டும்னு டிரைவர்கிட்ட குடுத்தேன். அவன் பேரைப் போட்டா, 'இது உன்கிட்ட எப்படி வந்துச்சு'ன்னு அக்கா கேப்பாங்க."

"அணைஞ்ச விளக்கைப் போடு" என்றார் அம்மா.

போட்டான். கேட்டோம். அதைக் கேட்ட பிறகு நான் சொல்ல வைத்திருந்த ஒரு பகடியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

கிளம்பும்போது சென்சோ படிவரை வந்தான். "அம்மா, என் பேரையே சொல்லிடுங்க. முழுப் பொய்யும் இல்லை. நான் கூப்பிட்டேன், அவன் வந்தான். என்னைத் திட்டறது அவங்களுக்குப் பழகிப்போச்சு. எனக்கும் பழகிப்போச்சு."

மதியம் மூன்று மணிக்குக் குவாமாஷு திரும்பினோம். வழியெல்லாம் மாகோஸா அம்மா காலண்டர் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்ன சொல்லப் போறீங்க?" என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை, "ரோட்டைப் பாரு" என்றார்.

தொபேகா பாவாடையை முடித்து மடித்து வைத்திருந்தாள். நாங்கள் உட்காரும் முன்பே கேட்டாள். "சென்சோதானே?"

"பாட்டு உன் தம்பியோடதுதான்" என்றார் அம்மா. "சென்சோ திருடலை. லுவாண்டியே அனுப்பியிருக்கான். 'வா'ன்னு இவன் பதில் போட்டிருக்கான். அதுக்குத்தான் கிளம்பிப் போயிருக்கான். சேர்ந்து உட்கார்ந்து முடிக்க."

"ஏன் அங்க போய் முடிக்கணும்? மெஷின் இங்கதானே இருந்துச்சு."

அம்மா கதவுக்குப் பின்னால் காலண்டர் பக்கம் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன், பிறகு தரையை. தப்பிக்க இரண்டிலும் இடம் இல்லை.

"நீங்க காலைல ஏப்ரல் பக்கத்தைப் படம் எடுத்தீங்க" என்றாள் தொபேகா. "நான் தையக்காரிம்மா. ஒருத்தர் அளவு டேப்பை எங்க வெக்கறாங்கன்னு பார்த்தாலே என்ன தைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுடும்." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "அன்னிக்குக் காலைல அதை அணைச்சது நான்தான். மேஜைமேல தலையைச் சாய்ச்சுக் கிடந்தான். மூஞ்சி முழுக்க நீல வெளிச்சம். பதினோரு நாளாச் சரியாத் தூங்கலை. போர்வையைப் போத்திட்டு சுவர் சுவிட்சை அணைச்சேன். எந்திரிச்சு வந்தவன் ஒண்ணும் சொல்லலை. டீ போட்டான். பொறந்ததிலிருந்து எனக்கு டீ போட்டதில்லைம்மா அவன். சரியா ரெண்டு சர்க்கரை. நான்கூடக் கிண்டல் பண்ணினேன், 'என்னடா, யாராவது பொண்ணு கிடைச்சுட்டாளா'ன்னு."

மடித்து வைத்த பாவாடையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அந்த டீதான் என்னை விடமாட்டேங்குது. ஏன் போட்டான்? அவன் போனதுக்கப்புறம் நானே அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டேன், அதிலிருந்து அணைக்கவே இல்லை. நான் அணைச்சதால ஏதாவது போச்சா? அது வேற யாரோன்னு நீங்க வந்து சொல்லிடுவீங்கன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

இருபத்து மூன்று வருடம் பொய் சொல்பவர்களின் வாசலில் நின்றவர் மாகோஸா அம்மா. அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்று சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் எழுந்து போய்த் தொபேகாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் போகலை" என்றார். "ஒரு தட்டுக்கூடப் போகலை. எல்லாம் சேவ் ஆகித்தான் இருந்துச்சு. ஆனா அணைச்சா அவன் மெஷின்ல மறுபடி திறக்காது. சென்சோ மெஷின்லதான் திறக்கும். அதுக்காகப் போனான். உனக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனான்."

தொபேகா தலையசைத்தாள். மறுபடி தலையசைத்தாள். "அப்ப நான் கேட்ட பேர் என்னோடதுதான்."

"மீட்டர்ல ஆறுன்னுதான் ஏறியிருக்கு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். போர்வை போத்தினது அதுல ஏறலை." அம்மா என்னிடம் கையை நீட்டினார். "லிண்டானி, போடு."

சென்சோ என் போனில் ஏற்றிக் கொடுத்த முழுப் பாட்டை ஓட்டினேன். மிதி, மிதி, மிதி, டக். கத்தரி ஒரு முறை கிறீச்சிட்டது. டாக்ஸியில் நின்றுபோகும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், டாக்ஸிக்காரர்கள் யாரும் கேட்டிராத ஒரு குரல் எழுந்தது. தையல் மெஷினைப் பதிவு செய்தபோது பின்னணியில் வந்து விழுந்த குரல். அவன் அதை எறியவில்லை. வெட்டி, கோத்து, அடிக்கு அடி நிறுத்தியிருந்தான்.

"லுவாண்டி, போதும்டா. மெஷினும் தூங்கட்டும், நீயும் தூங்கு."

டக்.

"மெஷினும் தூங்கட்டும், நீயும் தூங்கு."

நான்கு முறை வந்தது. பிறகு பாதி அடியில் பாட்டு நின்றது.

தொபேகா அழவில்லை. தன் குரலைத் தானே முதன்முறை கேட்பவள்போல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இப்படியா பேசறேன்?" என்றாள். அப்புறம்தான் உடைந்தாள். பெஞ்சில் அம்மாவின் தோளில் அப்படியே சரிந்தாள். நான் வாசலுக்கு வந்து நின்றேன்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து தம்பியின் அறைக்குப் போனாள். நான் அவசரமாகப் பின்னால் போனேன்.

"அக்கா, அதுல இன்னும் இருநூத்திப் பன்னிரண்டு இருக்கு. சென்சோகிட்ட லைசென்ஸ் இருக்கு. ஒவ்வொண்ணா திறந்து குடுப்பான். கேக்கலாம்."

"நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றாள். நாற்காலிமேல் இருந்த போர்வையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். மற்ற கை சுவர் சுவிட்சில் இருந்தது. "இன்னிக்கு அது தூங்கட்டும்."

விசிறிச் சத்தம் தேய்ந்து நின்றது. மாகோஸா அம்மா கூடத்தில் மீட்டரைப் பார்த்தபடி நின்றிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்று எண்ணினேன். பதினாறு வந்தது, விளக்கு மினுக்கவில்லை. இருபது, இருபத்தைந்து, முப்பது. எண்ணிக்கொண்டே இருந்தேன்.